ஃபெலோஷிப் விண்ணப்பத்தில் நான் வெட்டிய வரி

ஆராய்ச்சி அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

மருத்துவ ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் அரசு தரும் நிதியுதவிகள் எத்தனை வகை, எதற்கு எது பொருந்தும் என்று ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னீர்கள். பட்டியல் வேண்டுமென்றால் சுற்றறிக்கைக் கோப்பில் இருக்கிறது. அது என்னைவிடத் துல்லியமானது. நான் எழுதப்போவது, அந்தப் பட்டியல் மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் நான் செய்த ஒரு தவறைப் பற்றி.

என் கை வழியாகப் போன விண்ணப்பங்களை நான் ஒரே கேள்வியால் பிரித்து வைத்திருந்தேன்: நிதி யாருக்கு வருகிறது? ஆய்வுத் திட்டத்துக்கான நிதி கல்லூரிக்கு வருகிறது. தலைமை ஆய்வாளர் பாதியில் போனால் இன்னொருவரை நியமித்துக்கொள்ளலாம். களப்பணியாளர், பரிசோதனை, பயணம் எல்லாம் கேட்கலாம். ஆனால் கையில் கிடைக்க ஒரு வருடம்கூட ஆகும். ஃபெலோஷிப் ஓர் ஆளுக்கு வருகிறது. அந்த ஆள் ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொள்வதுதான் அதன் நோக்கம். ஆய்வு அதற்கு ஒரு சாக்கு. ஆள் போனால் நிதி நின்றுவிடும். பயிற்சித் திட்ட நிதி துறைக்கு வருகிறது, இத்தனை பேருக்கு இன்னது கற்றுத் தருவோம் என்ற உறுதியின் பேரில். இவை தவிர, மருத்துவ மாணவர்களுக்கு விடுமுறையில் இரண்டு மாத உதவி, ஒரு யோசனை தேறுமா என்று பார்க்கக் கல்லூரியே தரும் சிறிய தொடக்க நிதி, அரசே ஒரு நோயைக் குறிப்பிட்டுப் பல மாநிலங்களில் ஒரே மாதிரி நடத்தச் சொல்லும் பெரிய ஆய்வு. கடைசியில் சொன்னதில் ஒரு கேள்வியைக்கூட நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

டாக்டர் நிவேதா பொது மருத்துவத் துறையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பாகூர் பக்கத்திலிருந்து வரும் விவசாயக் கூலிகள் சிலருக்குச் சர்க்கரையும் இல்லாமல் ரத்த அழுத்தமும் இல்லாமல் சிறுநீரகம் கெட்டிருப்பதை அவர் வெளிநோயாளிப் பிரிவில் கவனித்திருந்தார். ஒரு மதியம் என் மேஜைக்கு வந்து உட்காராமலேயே பேசினார்.

“வெயில்ல தண்ணி குடிக்காம வேலை பண்றாங்க மேடம். சாயங்காலம் மெடிக்கல்ல ஒரு வலி மாத்திர வாங்கிப் போட்டுக்கறாங்க. ரெண்டும் சேர்ந்துதான் பண்ணுதுன்னு எனக்குத் தோணுது. ஆஸ்பத்திரியில உக்காந்து பாத்தா தெரியாது. ஊருக்குப் போகணும்.”

அந்த வாரம் திறந்திருந்தது ஃபெலோஷிப்புக்கான விண்ணப்ப அழைப்பு மட்டும்தான். பத்து நாளில் மூடும். ஆய்வுத் திட்டங்களுக்கான அழைப்பு வர இன்னும் ஐந்து மாதம். ஃபெலோஷிப் வயது வரம்பு நிவேதாவுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது.

“ஃபெலோஷிப்லயே போட்டுடலாம் டாக்டர். கிடைச்சா வர்ற வெயில் காலத்துலயே ஆரம்பிச்சிடலாம்.”

அப்படிச் சொன்னது நான்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் புதுச்சேரியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அங்கே எனக்குக் கற்றுத் தந்தவர் ஒன்றே ஒன்றை ஓயாமல் சொல்வார்: இந்த வரி யாருக்காக இருக்கிறது என்று கேள், யாருக்கும் இல்லையென்றால் எடு. நிவேதாவின் முன்வடிவு வார்த்தை வரம்பைத் தாண்டியிருந்தது. மதிப்பீட்டாளர்கள் ஃபெலோஷிப்பில் பார்ப்பது, இவர் என்ன கற்றுக்கொள்வார் என்பதை. அவர்களுக்கு வேண்டாதது எது என்று தேடினேன். பின்பகுதியில் ஒரு வாக்கியம் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: ‘முதல் பரிசோதனையில் அளவு கூடுதலாக இருப்பவர்களை மூன்று மாதம் கழித்து அவர்கள் ஊரிலேயே மீண்டும் பரிசோதித்து, முடிவை நேரில் தெரிவிப்போம்.’ இதில் நிவேதா புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. வெட்டினேன். பத்தி கச்சிதமாக வந்தது. நிவேதா படித்துவிட்டு, “எப்டி மேடம், ஒண்ணுமே குறைஞ்ச மாதிரி தெரியல?” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதே வாரம்தான் ஆய்வில் சேருபவர்களுக்கான ஒப்புதல் படிவத்தையும் தமிழில் எழுதினேன். அதுவரை நம்மிடம் இருந்த படிவங்கள் எவரும் வாய்விட்டுப் படிக்க முடியாதவை. நான் ஒரு பக்கத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினேன். அதன் கடைசிப் பத்தி இது: ‘உங்கள் ரத்தத்தில் உப்பின் அளவு கூடுதலாக இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். நாங்களே உங்கள் ஊருக்கு வருவோம்.’ நம் பக்கத்தில் சிறுநீரகத்துக்கான அந்தப் பரிசோதனையை ‘ரத்தத்துல உப்பு’ என்றுதான் சொல்வார்கள். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் கல்லூரி அறநெறிக் குழு அந்தப் படிவத்தைப் பாராட்டியது. குழுவிடம் போன முன்வடிவு வெட்டுவதற்கு முந்தையது. நிதி தரும் தலைமையகத்துக்குப் போனது வெட்டியது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் ஒரே ஆள் நான்தான். நான் படிக்கவில்லை.

ஃபெலோஷிப் கிடைத்தது. பாகூர் பக்கத்தில் கரிக்கலாம்பாக்கம், கரையாம்புத்தூர் இரண்டு ஊரிலும் நிவேதா ரத்த மாதிரி எடுத்தார். கூட இருந்தவர் கலா, வில்லியனூர்க்காரர், லேப் டெக்னீசியன் படித்தவர். இருபத்து மூன்று பேருக்கு அளவு கூடுதலாக இருந்தது. ஒரு தடவை கூடுதலாக இருப்பதால் மட்டும் நோய் என்று சொல்ல முடியாது. அன்று வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்திருந்தாலும் ஏறும். மூன்று மாதம் கழித்தும் இறங்காமல் இருந்தால்தான் கவலை. அந்த இரண்டாவது பரிசோதனைதான் இந்த ஆய்வின் உயிர்.

அதற்கு முன்பே நிவேதாவுக்கு வேறு மாநிலத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. யாராக இருந்தாலும் போவார்கள். போகும்போது ஃபெலோஷிப்பைப் புதிய இடத்துக்கு மாற்றித் தரும்படி தலைமையகத்துக்கு எழுதினார். அது வரும்வரை இங்கே எல்லாம் நிறுத்தம். கலா வில்லியனூரில் ஒரு மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். ஆய்வுக்கென்று வாங்கிய பட்டன் ஃபோனைச் சாமான் பட்டியலோடு என்னிடம் ஒப்படைத்தார்கள். இழுப்பறையில் போட்டேன். ஒப்புதல் படிவத்தில் அச்சாகியிருந்த எண் அதனுடையது.

ஒரு வாரத்தில் அது அடித்தது.

“அலோ, காலேஜா? நான் கரிக்கலாம்பாக்கம் லூர்துமேரி பேசறேன். அந்த ரத்தம் எடுத்த டாக்டர் பொண்ணு இல்லியா?”

“அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்கம்மா. என்ன விஷயம், சொல்லுங்க.”

“மூணு மாசம் ஆயிட்ச்சி. எப்ப வர்றீங்கன்னு கேக்கலாம்னுதான். நடவுக்குப் போயிக்கினு இருக்கேன். நாள சொன்னீங்கன்னா அன்னிக்கி வூட்லயே இருப்பேன்.”

விரைவில் சொல்கிறோம் என்றேன். பத்திரிகையில் இருந்தபோது அதிகாரிகள் சொல்லும் இந்த வாக்கியத்தை நான் அச்சுக்கு விட்டதில்லை.

தலைமையகத்துக்கு ஃபோன் செய்தேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையானவர். ஆய்வாளர் விலகினாலும், ஒப்புக்கொண்ட திட்டத்தில் பாக்கி இருக்கும் வேலையை முடிக்கக் கல்லூரிக்கு அனுமதி கேட்கலாம், வழி இருக்கிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு, இரண்டாவது பரிசோதனை திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

விண்ணப்பம் என் கையில் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். பின்பகுதிக்கு வந்தபோது அந்தக் கச்சிதமான பத்தியைப் பார்த்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் நான் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்ததாக நினைவில்லை. காலையில் வந்ததும் இணையதளத்தில் இட மாற்றக் கோரிக்கையைப் பார்ப்பேன். ‘பரிசீலனையில்’. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை. ஃபோன் இழுப்பறையில் அதிரும்போதெல்லாம் மேஜை முழுவதும் அதிர்வது போல இருக்கும். கரையாம்புத்தூரிலிருந்து ஒருவர் அழைத்தார். பெயர் ஏழுமலை. கட்டட வேலைக்குப் பெங்களூர் போகப் பேச்சு நடக்கிறது, அதற்குள் வந்துவிடுவீர்களா என்றார். அவருக்கும் அதே பதில்தான்.

நிவேதாவின் துறைத் தலைவரிடம் போனேன். எல்லோரையும் நேரில் பார்த்து, நாங்கள் வரமாட்டோம், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

“சொல்லலாம் மேடம். சொன்ன அன்னிக்கே ஸ்டடி முடிஞ்சுது. ஒருத்தர் இங்க பாப்பாங்க, ஒருத்தர் கடலூர்ல பாப்பாங்க. மெஷின் வேற, முறை வேற. அந்த நம்பர வெச்சி ஒண்ணும் எழுத முடியாது. அந்த ஊருக்கு வெயில்தான் காரணமா இல்லியான்னு நமக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அதுக்கப்புறம் அந்த ஊருக்குன்னு யார் வந்து கேக்கப் போறாங்க?”

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. திட்டத்தை மாற்ற அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும், குழு கூடுவதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. காத்திருக்கலாம் என்று முடிவு செய்தோம். ‘செய்தோம்’ என்று எழுதுகிறேன், நானும் தலையாட்டினேன்.

அன்று மாலை நாலு மணிக்கு லூர்துமேரி மறுபடி அழைத்தார்.

“மேடம், மாத்திர போட்டுக்கலாமா வேணாமா? அந்தப் பொண்ணு கொறச்சிக்கோன்னிச்சி. இடுப்பு வுட்டுப் போவுது, போடாம முடியல. நீங்க வந்து பாத்துட்டு வேணாம்னா வுட்டுடறேன்.”

“பி.எச்.சி.ல போய்க் காட்டினீங்களா?”

“அங்க இன்னாத்துக்கு? எங்கியும் அலய வேணாம், நாங்களே வருவோம்னு நீங்கதான் எழுதிக் குடுத்துக்கிறீங்களே.”

அவர் அதைப் பார்த்துப் படித்தாரா, மனப்பாடமா தெரியவில்லை. என் வாக்கியம் அப்படியே வந்தது. அதுவரை நான், செய்யாமல் விட்ட ஒரு வேலையாகத்தான் இதை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காகிதம் அங்கே வேறு வேலை செய்துகொண்டிருந்தது. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் டாக்டரிடம் அவரைப் போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

நிவேதாவை ஃபோனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னும் ஒரு மாசம் பாருங்க மேடம். மாத்திக் குடுத்துட்டா நானே வந்து எடுத்துடுவேன்.”

“ஒரு மாசத்துல வரும்னு யார் சொன்னாங்க டாக்டர்?”

“யாரும் சொல்லல” என்றார். பிறகு, “மாத்திர இன்னும் போடறாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “போங்க மேடம். போய்ச் சொல்லிடுங்க.” அழுதார் என்று நினைக்கிறேன். அவருடைய இரண்டு வருட உழைப்பு அது.

பங்கேற்பவருக்கு உடனடி ஆபத்து என்றால் முதலில் செய்துவிட்டுப் பிறகு குழுவுக்கு எழுதலாம் என்று விதியில் இருக்கிறது. துறைத் தலைவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். “தலைவலி மேடம் நீங்க” என்று சொல்லிவிட்டு, சுகாதார நிலைய டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மறுநாள் கலா கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். அவருடைய ஸ்கூட்டரில் வில்லியனூரிலிருந்து கிளம்பினோம். கரிக்கலாம்பாக்கத்தில் நடவு நட்ட வயலை ஒட்டியே மனைக்கல் நட்டிருந்தார்கள், மஞ்சள் பெயிண்ட் அடித்து. லூர்துமேரி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

“வாடி ரத்தக்காட்டேரி” என்றார் கலாவைப் பார்த்து. “குடிச்சிட்டுப் போனவ, நாலு மாசமா ஆளயே காணோம்?”

“உன் ரத்தம் உப்பு கரிக்குதுக்கா, அதான் வரல.”

இருவரும் சிரித்தார்கள். லூர்துமேரி உள்ளே போய், ரேஷன் கார்டு வைத்திருந்த பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். நான் எழுதிய படிவம். வில்லியனூரில் கொடுத்து லேமினேஷன் செய்திருந்தார். கல்லூரி முத்திரை பளபளவென்று இருந்தது.

“மழையில நஞ்சிடப் போவுதேன்னு போட்டு வெச்சேன். ஊசி கொணாந்தியாடி?”

கலா என்னைப் பார்த்தார். வழியெல்லாம் நான் ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். அதில் ஃபெலோஷிப் என்ற சொல் நாலு இடத்தில் வந்தது.

“நாங்க வரமாட்டோம்மா” என்றேன்.

“இதோ வந்துக்கிறீங்களே?”

“ரத்தம் எடுக்க வரமாட்டோம். டாக்டர் போயிட்டதால அந்த வேல நின்னு போச்சு. நீங்க எங்களுக்காகக் காத்திருக்க வேணாம். நாளைக்கே பி.எச்.சி.க்குப் போகணும். மாத்திரைய இன்னியோட நிறுத்தணும்.”

“அப்ப இதுல எழுதிக்கிறது?”

“நான்தான் எழுதினேன். வேற ஒரு காகிதத்துலயும் அதையே எழுதியிருக்கணும். அங்க எடுத்துட்டேன்.”

அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“அந்தப் பொண்ணு ஒருத்தி போயிட்டா, காலேஜே போயிடுமா?”

நிதி யாருக்கு வருகிறது என்று நான் வருடக்கணக்கில் கேட்டு வந்த கேள்வி இது. அவர் அதை மறுபக்கத்திலிருந்து கேட்டார்.

மறுநாள் காலை சுகாதார நிலையத்தில் கலாவும் நானும் அவரோடு இருந்தோம். அளவு முன்பைவிடக் கூடியிருந்தது. டாக்டர் அங்கேயே உட்கார்ந்து, நகரத்து அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். இந்த நாலு மாத மாத்திரைதான் கூட்டியதா என்று அவரைக் கேட்டேன். “கொஞ்சம் இருக்கலாம். எவ்ளோன்னு யாரும் சொல்ல முடியாது மேடம்” என்றார். நான் எதிர்பார்த்தது ஆமாம் அல்லது இல்லை. இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அன்று தூங்கியிருப்பேன்.

வெளியே வந்ததும் லூர்துமேரி பையைத் திறந்து படிவத்தை என்னிடம் நீட்டினார்.

“இத்த நீயே வெச்சிக்கம்மா. எங்கிட்ட இருந்தா நான் மறுபடியும் காத்துக்கினு கெடப்பேன்.”

அவர் இப்போதும் சிகிச்சையில் இருக்கிறார். டயாலிசிஸ் வரை போகவில்லை. வயல் வேலையை விட்டுவிட்டார், மதியம் வரை மனைப் பிரிவு அலுவலகம் ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறார். கலாதான் அவ்வப்போது சொல்வார்.

மற்றவர்களை அடுத்த பத்து நாளில் பார்த்து முடித்தோம். பலருக்கு அளவு இறங்கியிருந்தது, சிலருக்கு இல்லை. துறைத் தலைவர் சொன்னபடியே, அந்த எண்களை வைத்து எதையும் எழுத முடியவில்லை. தலைமையகம் நிவேதாவின் இட மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டது, ஐந்து மாதம் கழித்து. அவர் அங்கே வேறு ஊர்களில் வேறு மக்களிடம் ஆய்வு செய்தார். அந்த இரண்டு ஊரில் வெயில் என்ன செய்கிறது என்ற கேள்வி, அவர் என் மேஜைக்கு வந்த அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. அறநெறிக் குழு, இரண்டு ஆவணங்களும் ஏன் முரண்படுகின்றன என்று எழுத்தில் கேட்டது. நான் வெட்டினேன் என்று எழுத்தில் பதில் கொடுத்தேன். அந்தக் கடிதமும் கோப்பில் இருக்கிறது, படியுங்கள்.

நிதி வகைகள் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அழைப்பு எப்போது மூடுகிறது, வயது வரம்பு என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், ஊர்க்காரர் கையில் கொடுக்கப்போகும் காகிதத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். அதில் ‘வருவோம்’ என்று இருந்தால், ஆய்வாளர் போன பிறகும் வருவதற்கு ஆள் இருக்கிற நிதியைத் தேடுங்கள். அது இல்லையென்றால் ஐந்து மாதம் காத்திருங்கள். அல்லது அந்த வரியை ஊர்க்காரர் காகிதத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்றில் மட்டும் வெட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம். இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேரைத்தான் பார்க்க முடிந்தது. ஏழுமலை நாங்கள் போவதற்கு ஒன்பது நாள் முன்னால் பெங்களூருக்குப் போய்விட்டார். படிவத்தையும் எடுத்துப் போயிருக்கிறார். அவருடைய எண் உபயோகத்தில் இல்லை, கரையாம்புத்தூர் வீடு பூட்டியிருக்கிறது, பக்கத்தில் யாருக்கும் விலாசம் தெரியவில்லை. அவரிடம் இருப்பது நம் எண் மட்டும்தான்.

ஓய்வு பெறும் நாள் வரை அந்தப் பட்டன் ஃபோனுக்கு நானே ரீசார்ஜ் செய்துவந்தேன். இப்போது அது உங்கள் மேஜையின் இடப்பக்க இழுப்பறையில், லேமினேஷன் போட்ட காகிதத்தின் மேல் இருக்கிறது. அடுத்து ரீசார்ஜ் செய்யவேண்டிய தேதியை அதன் முதுகில் ஒட்டியிருக்கிறேன். அடித்தால் உடனே எடுங்கள். கரையாம்புத்தூர் ஏழுமலை என்றால், நாங்கள் வரமாட்டோம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு, எங்கே இருக்கிறார் என்று கேட்டு, அங்கே பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையின் பெயரைச் சொல்லுங்கள்.